இல்லாத ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட்

1

நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்டுக்கொண்டு போன சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்தார்.

வந்தவர் இந்த ஊர் சர்க்கார் ஆள். அடிஸ் அபாபாவில் அந்நியர்கள் தங்கியிருக்க வேண்டுமானால் அவ்வப்போது அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். எழுதிக் கொடுத்த விலாசத்தில் எழுதிக் கொடுத்த ஆள் மெய்யாகவே குடியிருக்கிறானா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தேன். தகரக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ என் பெயரை மென்று விழுங்கிச் சொல்வதும் கேட்டது.

என் மனைவி சரஸ்வதி, வேலைக்கு வந்த பிறகு ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த சென்னை ராயபுரத்துப் பெண். யார், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் அடுப்படியிலிருந்தே, "அவரு வூட்ல இல்லீங்க!" என்று குரல் கொடுத்தாள். எத்தியோப்பியாவில் அந்தத் தமிழ் யாருக்குப் புரியப் போகிறது? அதற்குள் என் மகள் மங்கை, ஐந்து வயதுக்காரி, கதவைத் திறந்து, இந்த ஊர் அம்ஹாரிக் பாஷையில், "இருக்கிறாரே, வாங்க" என்று சொல்லி, வந்தவரின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் எதிரே நிறுத்திவிட்டாள். அவர் கையிலிருந்த போட்டோவையும் பாதி மழித்த என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மீதியையும் மழித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"பெத்த அப்பனை இப்பிடிப் புடிச்சுக் குடுக்குதே! இது எந்த வூட்டு வழக்கம்?" என்று சரஸ்வதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவர் கேட்டார். அப்பா இருந்தார்" என்றாள் மங்கை. அவ்வளவுதான் அவள் விளக்கம். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறது என்பது ஏற்கெனவே எனக்குத் தெரியும். தமிழோடு சேர்ந்து வேறு சில சாமான்களும் நழுவிவிட்டன என்பது அன்றுதான் தெரிந்தது. ஊரில் எங்கள் மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தையும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்காது.

ஊரிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிற பட்டதாரிகள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை எப்படிப் பிடிப்பது, பாஸ்போர்ட் எப்படி, விசா எப்படி? தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. ஆகவே இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். வேலை சுலபம். விசாவும் சுலபம். நீங்கள் இருக்கிறீர்கள் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

2

நான் பி.ஏ. படித்தவன். வாத்தியார் பயிற்சி முடிக்காதவன். ஆகவே நிரந்தர வேலை கிடையாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த இங்கிலீஷ் வாத்தியார் படுத்தாலும் அவர் எழுந்து வருகிறவரை நாற்காலியை நான் காப்பேன். டைபாய்டு என்றால் நல்ல காலம், இரண்டு மாதம் ஓடும். அம்மை என்றால் சுமார். வெறும் ஜலதோஷக்காரர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் முதல் அங்கத்தை நான் நாலு பள்ளிக்கூடங்களில் நடத்தியிருக்கிறேன். கடைசி அங்கத்தை ஒரு தடவைகூட நடத்தியதில்லை. அதற்குள் உரியவருக்கு உடம்பு தேறிவிடும்.

அப்போதுதான் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: எத்தியோப்பியாவுக்கு இங்கிலீஷ் கற்பிக்க இந்தியப் பட்டதாரிகள் தேவை. பயிற்சி பெற்றிருந்தால் நல்லது என்று மட்டும் போட்டிருந்தது. கட்டாயம் என்று போடவில்லை. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்பது எனக்கே தெரியாது.

நேர்முகப் பேட்டி மவுண்ட் ரோடு பக்கத்தில் ஒரு ஹோட்டலில். கத்திரி வெயில். அந்த ஊர் குளிர் பிரதேசம் என்று கேள்விப்பட்டிருந்ததால், குளிருக்கு நான் தயார் என்று காட்ட, ஒரு சிநேகிதனிடம் கம்பளிக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பேட்டி எடுத்தவர் உயரமான எத்தியோப்பியக் கனவான், மெல்லிய குரல். என் நெற்றியிலிருந்து மேஜையில் சொட்டிய வியர்வையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கள் ஊரில் குளிர் அதிகம், உங்களால் தாங்க முடியுமா?" என்று கேட்டார். "இப்போதே கிளம்பத் தயார்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உத்தரவு வந்துவிட்டது. மழைக்காலம் முடிந்து அங்கே பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் அவர்களே விசா தருவார்கள். தவறினால் வேலை காத்திருப்போரில் அடுத்தவருக்கு. அடுத்தவர் ஒரு கும்பகோணத்துக்காரர், பயிற்சி முடித்தவர். அது நாள்வரை பிறத்தியார் காய்ச்சலில் பிழைத்த நான், முதல் தடவையாக, இன்னொருவன் என் காய்ச்சலுக்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்து அதிகாலைக் கடல் காற்றில்கூட நிற்காமல் இருந்தேன்.

3

இந்த ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "இஷி, நெகெ" என்பார்கள். சரி, நாளைக்கு என்று அர்த்தம். புதிதாக வந்த இந்திய வாத்தியார்கள் இதைக் கேட்டு மனம் உடைவார்கள். எனக்கு ஒன்றும் செய்வதில்லை. நாளைக்கு வா என்கிறவன், நீ இருக்கிறாய் என்பதையாவது ஒப்புக்கொள்கிறான் அல்லவா? சென்னையில் ஒரு ஜன்னலுக்கு முன்னால் எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டு வெகுநாள் தகவலே இல்லை. நேரில் போய்க் கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"போலீஸ் ரிப்போர்ட் வந்தாச்சு. அப்படி ஒரு ஆள் இல்லைன்னு இருக்கு."

"நான்தான் சார் அந்த ஆள்."

"நீங்க இங்கே நிக்கறது தெரியறது. அந்த விலாசத்துல நீங்க இல்லை."

"இங்கே நிற்பதால் அங்கே இல்லை, சார்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கே அது சிரிப்பாக இல்லை. "அங்கே எப்பவுமே இருந்ததில்லைன்னு எழுதியிருக்கு. அந்த வீட்டு அம்மாவே எனக்குப் பிள்ளை கிடையாதுன்னு சொல்லியிருக்கா. அதுக்கு மேல சர்க்கார் யாரைப் போய்க் கேட்கும்?" என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி, "இன்னொரு தடவை விசாரிக்க எழுதறேன். அப்பவும் இதே பதில் வந்தா மனுவை மூடிடுவோம். அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்குப் போகிற வழியில், கடலை ஒட்டி இருக்கிறது. மதுவிலக்கு வந்த பிறகு அந்த மணலில் எந்த இடத்தில் என்ன பானை புதைந்திருக்கிறது என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அதனால் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. போலீஸ்காரன் வந்து எந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாலும் அப்படி ஒருத்தன் இங்கே இல்லை. நல்லவன் கெட்டவன் என்ற பேதம் இல்லை. பெரியவர்கள், குழந்தைகள், சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், எல்லோருக்கும் இதில் ஒரே வாக்கு.

வாசலில் அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்று என்னைப் படிக்க வைத்தவள் அம்மா கன்னியம்மாதான்.

"யம்மா, போலீஸ் யாராச்சும் வந்தாங்களா?"

அவள் முகம் பூரித்துப்போயிற்று. "வந்தான் நைனா! வேட்டி கட்டிகினு, நம்மளாட்டம் வந்தான். ஆனா கால்ல இம்மாம் பெரிய பூட்ஸு! மணல்ல பூட்ஸோட எவன் நடப்பான்? நான் அப்பவே கண்டுகினேன். உன் பேரச் சொல்லி எங்கன்னான். எனக்குப் புள்ளையே பொறக்கலன்ட்டேன்."

"யம்மா!"

"அத்தோட வுட்டேனா? கோயில் கோயிலா சுத்துறேன்யா, வயித்துல ஒண்ணும் தங்கல, உனக்கு எதுனா வைத்தியம் தெரிஞ்சா சொல்லுன்னு ஒரு பாட்டம் அழுதேன். பாவம், அவன் கண்ணு கலங்கிட்டான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அம்மன் கோயிலுக்குப் போன்னான்."

பக்கத்து வீட்டு எல்லம்மா அக்காவும் தன் பங்கைச் சொல்ல ஓடி வந்தாள். "நான் இன்னா சொன்னேன் தெர்யுமா? அந்த வூட்ல பேய் கீது, அந்தப் பக்கம் நாங்களே போறதில்லன்னேன்!"

குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "பயப்படாத. எங்க குப்பத்துல கையெழுத்து போடத் தெரிஞ்சவனே கெடையாது, இதுல பி.ஏ.வான்னு கேட்டுத் தொரத்திட்டேன். ஆமா, நீ இன்னாதான் பண்ணே? எங்கிட்ட சொல்லு."

என்னை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்! நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இங்கிலீஷில் திட்டினேன். தமிழில் திட்டினால் அவர்களுக்குப் புரிந்துவிடுமே.

4

மறுநாள் ஸ்டேஷனுக்கே போனேன். பூட்ஸ் ஏட்டு இருந்தார். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நீ இருக்கியா?"

"இருக்கேன் ஏட்டய்யா."

"உங்கம்மாவுக்காக நான் திருவொத்தியூர் அம்மனுக்கு வேண்டிக்கினேன்யா! எம் பொஞ்சாதி எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்தா!" என்று கத்தினார். பிறகு சோர்ந்து உட்கார்ந்தார். "உங்க குப்பத்துல நான் எவ்வளவு பேரைத் தேடியிருப்பேன் தெரியுமா? ஒருத்தன்கூடப் பொறந்ததே இல்ல. சரி, வர்றேன். ஆனா அங்க ஒருத்தர் வாயால நீ இருக்கேன்னு வரணும். நீயே சொன்னா செல்லாது."

இதில் என்ன கஷ்டம், உண்மையைச் சொல்லச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். குப்பம் கூடிற்று. நாட்டார் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"நீ சொல்றது ஞாயம்தான் நைனா. ஆனா ஒண்ணு. இன்னிக்கு உன்னிய இருக்கான்னு சொல்ட்டோம்னு வையி. நாளைக்கு வேற எவனையாச்சும் தேடிகினு வருவான். இல்லன்னு சொன்னா, அன்னிக்கு அவனை மட்டும் தெரிஞ்சுதாடான்னு கேப்பான். அப்ப இன்னா சொல்றது?"

பி.ஏ.வில் அதற்குப் பாடம் இல்லை. கடைசியில் நாட்டார் தீர்ப்பு சொன்னார். குப்பம் வாயைத் திறக்காது. இருக்கான்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. பெத்தவ சொன்னா சொல்லட்டும். பெத்தவ சொல்றது கட்டுப்பாட்டுல சேராது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பாஸ்போர்ட்டு வந்தா நீ எங்க போவ?"

அதுவரை அவளிடம் நான் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன். வெளியூர் என்று சொல்லியிருந்தேன். அவள் செங்கல்பட்டு, மிஞ்சினால் வேலூர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பம்பாய்வரை ரயில், அங்கிருந்து கப்பல், இறங்கி மறுபடி ரயில், மலைமேல் ஒரு ஊர் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

"அங்க கடல் கீதா?"

"இல்லம்மா."

அவள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வஞ்சிரத்தில் நல்ல துண்டாகப் பார்த்து வைப்பாள். பேச்சு மட்டும் இல்லை. சொல்லும்மா என்று கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. சொல்லாதே என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் மனசு வரவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். கும்பகோணத்துக்காரர் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த வாரம் கண்ணை மூடினால் அவர்தான் வந்தார், ஆரோக்கியமாக.

இப்போது இங்கே வகுப்பில் கடைசி அங்கம்வரை நடத்துகிறேன். பையன்கள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்கிறார்கள். உரியவர் எப்போது திரும்பி வருவார் என்று வாசலைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. இதற்கெல்லாம் அந்த ஒரு வாரம்தான் காரணம் என்று பையன்களிடம் எப்படிச் சொல்வது?

5

இந்தத் தடவை ஏட்டு மறைக்கவில்லை. காக்கிச் சட்டை, காக்கி அரை நிஜார், தொப்பி, பூட்ஸ், எல்லாம் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வந்து எங்கள் வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின்மேல் குந்தினார். குப்பம் முழுக்கச் சுற்றி நின்றது. கட்டுப்பாடாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சண்டை, குழந்தை அழுகை, நாய் குரைப்பு ஒன்றும் இல்லாமல் எங்கள் குப்பத்தை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

நான் ஏட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கும்பிடுவதா, கையைக் கட்டுவதா என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். சிநேகிதன் கோட்டு. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பத் தயாராகச் சும்மாட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இவனைத் தெரியுமா?" என்றார் ஏட்டு.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நான் தெரியும்னா இவனை அனுப்பிடுவாங்களா?"

"ஆமாம்மா."

"தெரியாதுன்னா?"

ஏட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம் அவர். "தெரியாதுன்னா அனுப்ப மாட்டாங்க. இங்கியேதான் இருப்பான்."

எல்லம்மா அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நாட்டார் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை. அவள் முன்பு சொன்ன அதே வார்த்தை. அதைச் சொன்னால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அம்மா சும்மாட்டைத் தலைமேல் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"எம் புள்ளதான்யா" என்றாள். "ஒத்தப் புள்ள. நான் பெத்தது. எழுதிக்கோ."

ஏட்டு எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி, "அப்ப அன்னிக்கு ஏம்மா இல்லன்னே?" என்று கேட்டார்.

"அன்னிக்கு நீ இட்டுகினு பூடுவேன்னு பயந்தேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் நீதான் இட்டுகினு போற. ஆனா இன்னிக்கு அவனே போறேன்றான்."

ஏட்டு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். காகிதத்தை நீட்டினார். அம்மா பெருவிரலை மையில் தோய்த்து, அழுத்தி வைத்தாள். பிறகு, "எழுந்திருய்யா, கூடை வேணும். நேரமாச்சு" என்றாள். அவர் பதறி எழுந்தார். அவள் கூடையை நிமிர்த்தி, மீனை அடுக்கி, தலையில் ஏற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ராயபுரத்துப் பக்கம் நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. பாஸ்போர்ட் கிடைத்துவிடும் என்ற சந்தோஷமும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்து, எல்லம்மா அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்துக் கடைக்காரி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். "உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். வஞ்சிரம் என்ன விலை என்று யார் வந்து கேட்டாலும், அம்மா விலையைச் சொல்லாமல், கேட்டவர் முகத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு புள்ள கீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.